வேடியப்பன் கல்லும் எரேமியாவின் கடிதமும்



உங்கள் வேதாகமத்தை ஒருமுறை கையில் எடுத்து உதறிப் பாருங்கள். உள்ளேயிருந்து எத்தனை வாக்குத்தத்த அட்டைகள் உதிர்கின்றன? டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, பன்னிரண்டு மணி தாண்டியபின், வரிசையில் வந்து தட்டிலிருந்து ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளுகிற அந்தச் சிறிய அட்டைகளைத்தான் சொல்லுகிறேன். ஓரத்தில் பூவும், நடுவில் ஒரு வசனமும், கீழே சபையின் பெயரும் அச்சிட்டிருக்கும். அவற்றில் எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் கட்டாயம் இருக்கும். கர்த்தர் தம்முடைய ஜனத்தைக் குறித்து வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்திற்கானவை என்று சொல்லுகிற வசனம் அது. யார் கைக்கு வருகிறதோ அவர் முகம் மலர்வதை நான் ஒவ்வொரு வருடமும் கவனித்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த அட்டை நம் சபையிலுள்ள ஒரு சகோதரியின் கைக்கு வந்தது. அவருடைய கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்துவந்தார். அந்த வருடம் ஆகஸ்டு மாதம் சாரத்திலிருந்து விழுந்து மரித்துப்போனார். அடக்க ஆராதனை முடிந்து பத்து நாட்களுக்குப்பின் அந்தச் சகோதரி என் வீட்டிற்கு வந்தார். அழவில்லை. அட்டையை மேசையின்மேல் வைத்து, "பாஸ்டர் ஐயா, இது எனக்குச் சொன்னதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

தேவனுடைய வழிகள் நமக்கு எட்டாதவை என்றும், ஏற்ற காலத்தில் எல்லாம் விளங்கும் என்றும் நான் சொன்னேன். ஜெபித்து அனுப்பினேன். ஊழியர்களாகிய நாங்கள் பதில் தெரியாதபோது சொல்லுகிற பதில் அது. அன்றிரவு எரேமியா 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அந்த ஒரு வசனத்தின்மேல் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அந்த அதிகாரத்தை முழுவதுமாகச் சபையில் ஒருதடவைகூட வாசித்ததில்லை என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த மாதம் வேதபாட வகுப்பில் இந்தப் பேச்சு வந்தது. ஓசூரில் வேலை பார்க்கிற வாலிபத் தம்பி ஒருவர் எழுந்து, "அந்த வசனம் பாபிலோனில் சிறையிருந்த யூதருக்கு எழுதப்பட்டது. அக்காவுக்கு எழுதப்பட்டது அல்ல. நாம்தான் தவறாக எடுத்துக்கொண்டோம்" என்றார். அவர் நிறைய வாசிக்கிறவர். சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் வகுப்பு உறைந்துபோயிற்று. பின்வரிசையிலிருந்து ஒரு வயதான தாயார், "அப்படியானால் இந்தப் புத்தகத்தில் நமக்கு என்னதான் தம்பி இருக்கிறது?" என்று கேட்டார். தம்பிக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் உடனே தெரியவில்லை. இன்றைய தியானம் அந்தத் தாயாருக்கு நான் தாமதமாகச் சொல்லுகிற பதில்.

நம் மாவட்டத்திலேயே உள்ள ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ கிராமங்களின் ஊடே போகிறவர்கள் வேடியப்பன் கோயில்களைக் கண்டிருப்பீர்கள். பல இடங்களில் கோபுரமும் இராது, கூரையும் இராது. மரத்தடியில் ஒரு பலகைக்கல். அதில் வில்லோ வாளோ ஏந்திய வீரன் ஒருவனின் உருவம். எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, பொட்டிட்டு, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதை வணங்கிவருகிறார்கள். அவற்றுள் பல, ஆயிரம் வருடங்களுக்கும் மேற்பட்ட நடுகற்கள். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு, நிரையை மீட்டு உயிர்விட்ட ஒருவனுக்காக அவன் ஊரார் எழுப்பிய கற்கள் அவை. சில கற்களில் வட்டெழுத்தில் எழுத்துகளும் உண்டு: எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, விழுந்தவன் யார், எதற்காக விழுந்தான் என்பவை. 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, பல்லவர் காலத்து எளிய வீரர்கள் எத்தனையோ பேர் பெயரோடு எழுந்துவந்தார்கள். நம் தருமபுரி அருங்காட்சியகத்திலும் இத்தகைய கற்களைப் பார்க்கலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.

அந்தக் கல்வழிபாட்டைப் பற்றி விசுவாசிகளாகிய நமக்கு வேறு கருத்து உண்டு. அது இன்றைய பொருள் அல்ல. நான் கவனித்தது வேறொன்று. வணங்கியவர்கள் இல்லாதிருந்தால் அந்தக் கல் இன்று இராது. எவனோ ஒருவன் கிணற்றுக் கட்டுமானத்திற்கோ மாட்டுக்கொட்டகை வாசற்படிக்கோ எடுத்துப்போயிருப்பான். காத்தது அவர்களுடைய பக்தி. ஆனால் அதே எண்ணெயும் மஞ்சளும் படிந்து படிந்து எழுத்தை மூடின. கும்பிட்ட தலைமுறைகள் அந்த மனிதனுடைய பெயரை மறந்துபோயின. அவனுக்கு ஒரு மனைவி இருந்திருப்பாள், அவன் மீட்டது இன்னாருடைய மாடுகள் என்பதெல்லாம் போய், வரம் தருகிற ஒரு கல்லாக அது மாறிற்று. பிறகு ஒருவர் வந்து, ஊராரிடம் அனுமதி கேட்டு, தண்ணீர் ஊற்றித் துடைத்து, காகிதத்தை ஒற்றிப் படியெடுத்து வாசித்தபோதுதான் செத்தவன் மறுபடியும் ஒரு மனிதனானான்.

நாமும் வசனங்களை இப்படித்தான் செய்துவிட்டோமோ என்கிற பயம் எனக்கு உண்டு. பிரியத்தினாலேயே மூடிவிட்டோம். அந்த அட்டையின் மேலுள்ள எண்ணெயைச் சற்றுத் துடைத்துப் பார்ப்போம்.

கி.மு. 597-ஆம் வருடம் மார்ச் மாதத்தில் எருசலேம் நேபுகாத்நேச்சாரிடம் விழுந்தது. இதை வேதாகமம் மட்டும் சொல்லவில்லை. பாபிலோனியருடைய சொந்த நாளாகமம் ஒரு களிமண் பலகையில் கிடைத்து, இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1956-இல் வைஸ்மன் என்பவர் அதைப் பதிப்பித்தார். பட்டணத்தைப் பிடித்ததும், அதன் ராஜாவைச் சிறைப்படுத்தித் தனக்குப் பிடித்த ஒருவனை அங்கே வைத்ததும், பெரும் கப்பம் கொண்டுபோனதும் அதில் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 24-ஆம் அதிகாரம் அதே நிகழ்ச்சியை எருசலேமின் உள்ளிருந்து சொல்லுகிறது: ராஜாவாகிய யோயாக்கீன், அவனுடைய தாய், பிரபுக்கள், இவர்களோடுகூடத் தச்சரும் கொல்லரும் கொண்டுபோகப்பட்டார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய், ஏழை ஜனங்களை மாத்திரம் விட்டுப்போனார்கள். பாபிலோனுக்குக் கட்டடங்கள் எழுப்ப ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். எரேமியாவின் கடிதத்தை முதன்முதலில் கேட்டவர்களில் தச்சர்களும் கொல்லர்களும் இருந்தார்கள். வேறொரு ராஜ்யத்தின் மாநகரைக் கட்டுவதற்காகச் சொந்த ஊரிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். தருமபுரி பேருந்து நிலையத்தில் ஞாயிறு இரவுகளில் மூட்டையும் பாத்திரமும் கைப்பிள்ளையுமாய்ப் பெங்களூர் வண்டிக்குக் காத்திருக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முகம் தெரியாததா? நம்மவர்களைச் சேனை வந்து கொண்டுபோகவில்லை; மழை பெய்யாத நிலமும் கடனும் கொண்டுபோகின்றன. வேற்றுமை பெரியதுதான். ஆனாலும் அட்டையை வைத்திருந்த சகோதரியின் கணவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராயிருந்தார் என்பதை அதிகாரத்தை முழுவதுமாக வாசித்த பிறகே நான் கண்டேன்.

அக்காலத்தில் ஒரு பிரசங்கம் மிகவும் பிரபலமாயிருந்தது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில், எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தருடைய நாமத்தில் அறிவித்தான். ஜனங்கள் எவ்வளவாய் மகிழ்ந்திருப்பார்கள்! எரேமியாவுங்கூட, கர்த்தர் அப்படியே செய்வாராக என்று சொன்னான். அவனுக்கும் அதுவே ஆசை. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. அந்தப் பின்னணியில்தான் 29-ஆம் அதிகாரத்துக் கடிதம் போகிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். எழுபது வருடம் ஆகும் என்பதே அதன் செய்தி. அதற்குப் பின்புதான் நம்முடைய அட்டை வசனம் வருகிறது.

எழுபது வருடம்! 597-இல் முப்பது வயதாயிருந்தவர், கோரேஸ் பாபிலோனைப் பிடித்த 539-இல் உயிரோடிருந்தால் ஏறத்தாழத் தொண்ணூறு வயதாயிருப்பார். கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் மிகுதியானோர் பாபிலோனிலேயே அடக்கம்பண்ணப்பட்டார்கள். அவர்களுடைய மனைவிமாரில் எத்தனை பேர் விதவைகளானார்கள்? அந்த வசனம் யாருக்கு முதலாவது சொல்லப்பட்டதோ, அவர்களே அதன் நிறைவேறுதலைக் கண்ணால் காணவில்லை. இதை அறியாமல் நான் அதை "இந்த வருடம் உங்களுக்கு நன்மை நடக்கும்" என்று அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது: எரேமியாவின் கடிதத்தை எடுத்து அனனியாவின் பிரசங்கமாக்கிவிட்டேன். அனனியா இரண்டு வருடம் என்றான். நான் பன்னிரண்டு மாதம் என்றேன்.

இதைக் காண எனக்கு எபிரெய மொழி தேவைப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் தனி மனிதனிடம் பேசும்போது "நீ" என்பார். எரேமியாவை அழைக்கிற முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள், எங்கும் "உன்னை", "உனக்கு" என்றே இருக்கும். 29-ஆம் அதிகாரத்திலோ "உங்கள்" என்று இருக்கிறது. அன்றாடப் பேச்சில் மரியாதைக்காக ஒருவரையே "நீங்கள்" என்று சொல்லிப் பழகிய நம் காதுக்கு அந்த வேறுபாடு விழுவதில்லை. கர்த்தர் என்னை மரியாதையாய் அழைத்து என்னோடு தனியாய்ப் பேசுகிறார் என்று எண்ணிக்கொள்ளுகிறோம். அது பன்மை. சிறைப்பட்டுப்போன முழு ஜனத்தையும், இன்னும் பிறவாத அவர்கள் பேரப்பிள்ளைகளையும் சேர்த்து அணைக்கிற "உங்கள்". தட்டிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு வீட்டிற்குப் போகத்தக்க அளவு சிறியது அல்ல அந்தச் சொல்.

அப்படியானால் தம்பி சொன்னதே சரி, அது அவர்களுக்குத்தான், என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்தக் கடிதம் நம் கைக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

இதே எரேமியாவின் சுருளை, குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறையில் உட்கார்ந்திருந்த ராஜாவாகிய யோயாக்கீம், வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்து அக்கினியில் போட்டான் (36-ஆம் அதிகாரம்). பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து முழுவதையும் எழுதினான். அதன்பின் ஆறு நூற்றாண்டு, பத்து நூற்றாண்டு, யாரோ படியெடுத்துக்கொண்டே வந்தார்கள். சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் எரேமியாவின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சில, நம் வேதாகமத்திலுள்ள பாடத்தைவிடச் சுருக்கமான ஒரு பாடத்தோடு ஒத்துப்போகின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் எரேமியாவின் புத்தகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவாயிருக்கிறது. இதைக் கேட்டுக் கலங்குகிறவர்கள் உண்டு. எனக்கோ, வெவ்வேறு கைகள் இருட்டில் விளக்கேற்றிக்கொண்டு படியெடுக்கிற காட்சியே கண்முன் நிற்கிறது. படியெடுத்தவர்கள் ஆராய்ச்சிக்காக அதைச் செய்யவில்லை. அந்த வார்த்தையைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள், ஆகையால் எழுதினார்கள்.

அப்படி யாரும் இல்லாத நூலுக்கு நேர்வது என்ன என்பதற்கு நம் ஊரே சாட்சி. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அந்தத் தகடூர்ப் போரைப் பற்றித் "தகடூர் யாத்திரை" என்று ஒரு நூல் இருந்தது. இன்று முழு நூல் இல்லை. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியவையும், "புறத்திரட்டு" என்னும் தொகுப்பில் சேர்ந்தவையுமாகச் சில பாடல்களே எஞ்சின. ஓலை செல்லரிக்கும், ஒவ்வொரு தலைமுறையிலும் அதைத் தன்னுடையதென்று எண்ணி மறுபடி எழுத ஒருவர் வேண்டும். எஞ்சிய பாடல்களையும் காத்தவர்கள் கற்றறிந்தவர்கள்தான் என்பதை இங்கே நேர்மையாய்ச் சொல்லிவிடவேண்டும். படிப்பு காத்த நூல்கள் உண்டு. ஆனாலும் எரேமியாவின் கடிதத்தைக் காத்தவர்கள், அது எங்களுக்கு என்று சொன்னவர்கள். பின்வரிசைத் தாயாரைப் போன்றவர்கள்.

அவர்கள் பாபிலோனில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் இன்று சாட்சிகள் உண்டு. பாபிலோனில் தோண்டியெடுத்த அரண்மனைக் கணக்குப் பலகைகளில் யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீனுக்கும் அவன் குமாரருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. வைட்னர் என்பவர் 1939-இல் அதை வெளியிட்டார். கைதியாகிய ராஜாவின் படிக்கணக்கு! இன்னும் எளிய மனிதருடைய பலகைகளும் கிடைத்துள்ளன. "யூதாவின் ஊர்" என்று பொருள்படும் பெயருள்ள ஒரு குடியேற்றத்தைச் சேர்ந்த அந்தப் பலகைகளில் கணிசமானவற்றை லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் என்னும் இரு அறிஞர்கள் 2014-இல் பதிப்பித்தார்கள். மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. நிலக்குத்தகை, வரி, பேரீச்சம்பழம், மாடு, கடன்பத்திரம் என்று எல்லாம் அன்றாட விவகாரங்கள். அவற்றில் வருகிற பெயர்கள் பலவற்றில் கர்த்தருடைய நாமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்நிய தேசத்தில், பிறந்த பிள்ளைக்கு, எழுபது வருடம் முடியுமுன்னே இட்ட பெயர்கள்.

அந்தப் பலகைகளைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது என்றால் மிகையல்ல. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எரேமியா சொன்ன வாழ்வு எப்படியிருந்தது என்பதை அந்தக் குத்தகைப் பத்திரங்களில் பார்க்கிறோம். வரலாற்றுப் படிப்பு பக்தியை உலர்த்திவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். நான் பிரசங்கம் செய்து உலர்ந்துபோயிருந்த ஒரு வசனத்தில் எனக்கு மறுபடி ஈரம் வந்தது ஒரு வரிக்கணக்கினால்.

தானியேல் 9-ஆம் அதிகாரத்தை இதனோடு சேர்த்து வாசியுங்கள். இரண்டாம் வசனத்தில் தானியேல் எரேமியாவின் எழுத்துகளை வைத்துக்கொண்டு வருடங்களை எண்ணுகிறான். புத்தகங்களினால் அந்தத் தொகையை அறிந்துகொண்டதாக அவனே சொல்லுகிறான். எந்த ராஜா, அவனுடைய எத்தனையாவது வருடம் என்றுகூட நம் நடுகற்களைப் போலவே குறிக்கிறான். மூன்றாம் வசனத்தில் இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசித்து ஜெபிக்கிறான். இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளிதான் இருக்கிறது. ஜெபத்திலும் எனக்கு என்ன கிடைக்கும் என்று அவன் கேட்கவில்லை. நாங்கள் பாவஞ்செய்தோம் என்று முழு ஜனத்தோடும் தன்னைச் சேர்த்துக்கொள்ளுகிறான். பன்மையை அவன் சரியாக வாசித்திருந்தான்.

ஆகையால் தாயாரே, இந்தப் புத்தகத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அது அவர்களுக்கு எழுதப்பட்டது; தம்பி சொன்னது உண்மை. அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மரித்தார்கள், அவர்கள் பிள்ளைகள் அதைப் படியெடுத்தார்கள், அந்த வரிசையின் கடைசியில் நீங்கள் அரூர் பேருந்தில் வந்து இறங்கி நம் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களோடுகூட அது உங்களுக்கும். அவர்களை விலக்கிவிட்டு உங்களுக்கு மாத்திரம் அல்ல.

அந்தச் சகோதரியைப் பற்றியும் சொல்லவேண்டும். கடிதத்தை முழுவதுமாக அவரோடு உட்கார்ந்து வாசிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று; அவ்வளவு தயக்கம். எழுபது வருடம் என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "அப்படியானால் அவர்களும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முன்னாலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் அவரை அந்த வருடம் அனுப்பியிருக்கமாட்டேன் என்று இல்லை, அனுப்பித்தான் இருப்பேன். ஆனால் கர்த்தர் என்னை ஏமாற்றினார் என்று நினைத்திருக்கமாட்டேன்" என்றார். அவருடைய மூத்த மகனும் இப்பொழுது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அந்தப் பட்டணத்தின் சமாதானத்திற்காக ஜெபிக்கச் சொல்லுகிற வசனத்தை அவரால் இன்னும் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

வருகிற டிசம்பர் 31 இரவு நம் சபையில் ஒற்றை வசன அட்டைகள் இராது. எரேமியா 29-இன் முதல் பதினான்கு வசனங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே தாள். மூப்பர் ஒருவர் இதற்கு இன்னும் இணங்கவில்லை. அட்டை இல்லையென்றால் ஜனங்கள் அட்டை கொடுக்கிற சபைக்குப் போவார்கள் என்கிறார். போகலாம். தாளின் பின்புறத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போயிருக்கிறவர்களின் பெயர்களை அதில் எழுதிக்கொண்டு வாருங்கள். பேனா இல்லாதவர்களுக்கு வாசலில் வைத்திருப்போம்.